விருந்தாளியின் சாட்சியம்: மார்ட்டின் லூதர் கிங்கின் இந்தியப் பயணக் கட்டுரையை முன்வைத்து

சின்னாளப்பட்டியின் தறித் தெருக்களிலிருந்து காந்திகிராமம் நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் அங்கு வந்து சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. மான்ட்கோமரி நகரில் 381 நாட்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு வெற்றியடைந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. உலகம் அறிந்த வாஷிங்டன் பேருரைக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அவர் இங்கு வந்த செய்தியை நம் பகுதியில் பலர் அறிவர். அப்பயணத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

நாமும் அக்கட்டுரையைத் தேடிப் படிக்க நேர்ந்தது ஒரு மாணவரின் கேள்வியால்தான். சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல்லில் நடந்த நல்லிணக்கக் கூட்டமொன்றில் பேச்சாளர் ஒருவர், காந்திகிராமத்தில் ஒரு தலைமையாசிரியர் கிங்கை "அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர்" என்று அறிமுகப்படுத்தியதாகவும், அதைக் கேட்டுக் கிங் கண்ணீர் சிந்தியதாகவும் உருக்கமாகப் பேசினார். அவை நெகிழ்ந்தது. திரும்பி வரும் பேருந்தில் நம்முடன் இருந்த மாணவர் மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், அவங்க சொன்னதுக்கு ஸனது இருக்குதா?"

ஹதீஸ் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கேள்வி வேறில்லை. ஒரு செய்தியை ஏற்குமுன், அதை யார் யாரிடம் கேட்டு அறிவித்தார் என்ற தொடரையும் (இஸ்னாத்), அறிவிக்கப்பட்ட வாசகத்தையும் (மத்னு) தனித்தனியே சோதிக்கும் கலையை நம் முன்னோர் ஓர் அறிவுத்துறையாகவே வளர்த்தெடுத்தனர். அக்கலையைத் தொழுகை, நோன்பு பற்றிய செய்திகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை ஆராய்வோருக்கும் அது கைகொடுக்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அழைப்பும் வழியும்

கிங்கின் வருகைக்கு வழிவகுத்தவை இந்தியாவின் காந்தி நினைவு நிதியும், அமெரிக்கக் குவேக்கர் கிறித்தவர்களின் சேவைக் குழுவும் ஆகும். 1958 டிசம்பரில் நினைவு நிதியின் சார்பில் கிங்குக்கு அழைப்புக் கடிதம் எழுதியவர் ஜி. இராமச்சந்திரன். அவரும் அவருடைய துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருமே 1947-இல் காந்திகிராமத்தை நிறுவியவர்கள். ஆகவே கிங் காந்திகிராமத்திற்கு வந்ததில் வியப்பில்லை. அழைத்தவரின் இல்லத்திற்கே அவர் வந்தார் என்று கொள்ளலாம்.

பிப்ரவரி 10 அன்று தில்லி வந்தடைந்த கிங்குடன் அவருடைய துணைவியார் கொரெட்டாவும், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பேராசிரியர் லாரன்ஸ் ரெடிக்கும் வந்திருந்தனர். ஏறத்தாழ ஒரு திங்கள் அவர்கள் இந்நாட்டில் இருந்தனர். தில்லி, பாட்னா, கயா, சாந்திநிகேதன், கல்கத்தா எனச் சுற்றிச் சென்னை வந்து, பின் தெற்கே காந்திகிராமம், மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இடங்களுக்குச் சென்று, பெங்களூர், பம்பாய், அகமதாபாத் வழியாகத் தில்லி திரும்பினர். பிரதமர் நேருவைச் சந்தித்தனர். பூதான இயக்கத் தலைவர் வினோபா பாவேயைச் சந்தித்தனர். அழைத்தவர்கள் காந்தியர்கள், உடன் வந்தோரும் காந்தி வழியை மதித்தவர்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு சாட்சியத்தை எடைபோடுமுன் சாட்சி எந்த இடத்தில் நின்று கண்டார் என்று கேட்பது நம் மரபு.

கட்டுரை கூறுவது

கிங்கின் பயணக் கட்டுரை 1959 ஜூலையில் 'எபனி' என்னும் இதழில் வெளிவந்தது. அது கறுப்பின வாசகர்களுக்காகச் சிகாகோவிலிருந்து வந்த இதழ். எளிய நடையில், செய்தி சொல்லும் பாங்கில் எழுதப்பட்ட கட்டுரை அது. தங்கள் தோலின் நிறம் இந்தியாவில் தங்களுக்குத் தடையாக இராமல் நெருக்கத்தையே தந்தது என்கிறார் கிங். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்று நிலங்களிலும் நிறவெறியையும் ஏகாதிபத்தியத்தையும் எதிர்க்கும் மக்களிடையே ஓர் உடன்பிறப்பு உணர்வு நிலவுவதைக் கண்டதாக எழுதுகிறார். தாம் சொற்பொழிவாற்றிய அளவுக்குக் கொரெட்டா கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களைப் பாடவேண்டி வந்தது என்று நகைச்சுவையாகக் குறிப்பிடுகிறார். நடைபாதையில் உறங்கும் மக்களைக் கண்ட துயரத்தையும் மறைக்கவில்லை.

கட்டுரையின் சிறந்த பகுதி, இந்தியாவில் பயின்ற ஆப்பிரிக்க மாணவர்களுடன் அவர் நடத்திய உரையாடலைப் பற்றியது. எதிரியின் மனச்சாட்சியில் ஒரு துளியேனும் ஈரம் இருந்தால்தான் அகிம்சைப் போர் பலிக்கும் என்று அம்மாணவர்கள் வாதிட்டனர். எதிர்ப்பின்றி அடங்கிப்போவதையும், வன்முறையின்றி எதிர்த்து நிற்பதையும் அவர்கள் ஒன்றெனக் கருதிக் குழம்புகின்றனர் என்பது கிங்கின் மறுமொழி. தம்முடன் முரண்பட்டோரின் வாதத்தை மழுப்பாமல் பதிவு செய்தது அவருடைய நேர்மைக்குச் சான்று. நம் முன்னோர் எதிர்த்தரப்பின் கூற்றை முதலில் முழுமையாக எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தனர். அப்பண்பை இங்குக் காண்கிறோம்.

நாம் முரண்படும் பகுதி தீண்டாமையைப் பற்றியது. அமெரிக்கா தன் கறுப்பின மக்களைச் சமமாக ஏற்பதைவிட விரைவாக இந்தியா தீண்டாமைக்கு உட்பட்ட மக்களைத் தன்னுள் இணைத்துக்கொள்கிறது என்பது கிங்கின் கணிப்பு. இரு நாடுகளிலும் சட்டம் உண்டு. ஆயினும் இந்தியாவில் பிரதமர் முதல் ஊராட்சி உறுப்பினர் வரை தீண்டாமை தவறு என்று வெளிப்படையாகக் கூறுகின்றனர். அமெரிக்காவிலோ உயர் பதவியில் உள்ளோரே நிறப் பாகுபாடு தவறு என்று கூறத் தயங்குகின்றனர் என்று அவர் ஒப்பிடுகிறார்.

இவ்வொப்பீட்டின் நோக்கம் தெளிவானது. கிங் இந்தியாவைப் புகழ்வது அமெரிக்க ஆட்சியாளரைக் கண்டிப்பதற்காக. 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், தென் மாநிலங்கள் அதை ஏற்க மறுத்துவந்த காலம் அது. இந்தியாவை அவர் ஒரு கண்ணாடியாகத் தம் மக்கள் முன் பிடித்தார். கண்ணாடி பிடிப்பவர் அதன் பின்புறத்தைக் காட்டுவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தையும் கடந்து, கிராமத்துக் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் நிகழ்வது வேறாக இருந்தது. தலைவர்கள் தவறு என்று கூறுவது ஒரு செய்தி. ஊர் அதைக் கைவிடுவது மற்றொரு செய்தி. கிங் முதற்செய்தியை நேரில் கேட்டார். அதைக் கொண்டு இரண்டாவதையும் அனுமானித்தார்.

அவ்வனுமானத்திற்குத் தமிழ் நிலம் அளித்த மறுப்பு கொடியது. 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் கிங்கும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவரும் அங்கே துப்புரவுத் தொழிலாளரின் கூலிப் போராட்டத்திற்குத் துணை நிற்கவே சென்றிருந்தார். வெண்மணிச் செய்தி கேட்டு அங்கு சென்று தங்கி, நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தரும் பணியில் இறங்கியவர்களுள் இம்மாவட்டத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் அம்மையாரும் ஒருவர். காந்தியத்தின் நல்ல முகம் என்று கிங் கண்டது பொய்யன்று. அம்முகத்தையே முழு உடலாகக் கொண்டதுதான் பிழை.

மற்றொரு குறையும் உண்டு. கட்டுரையில் அம்பேத்கரின் பெயர் இல்லை. கிங் வருவதற்குச் சற்றேறக்குறைய இரண்டேகால் ஆண்டுகளுக்கு முன், 1956 டிசம்பரில்தான் அம்பேத்கர் மறைந்தார். 1946-இலேயே அவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். டுபாய்ஸும் பரிவுடன் மறுமொழி அனுப்பினார். ஆக, இரு மக்களின் துயரும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்குக் காந்தியர்களின் வழியன்றி இன்னொரு வழியும் இருந்தது. விருந்தோம்பியவர்கள் அவ்வழியில் கிங்கை அழைத்துச் சென்றதாகக் கட்டுரையில் தடயமில்லை.

ஸனதைத் தேடி

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். தலைமையாசிரியர் அறிமுகம் செய்த சம்பவம் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லை. அது வருவது 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்க விடுதலை நாளில், அட்லாண்டா நகரின் எபநேசர் தேவாலயத்தில் கிங் ஆற்றிய அருளுரையில். அங்கும் இடம் காந்திகிராமம் அன்று. திருவனந்தபுரம் என்று கிங்கே கூறுகிறார். தீண்டாமைக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பயின்ற பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்ததாகக் கூறுகிறார். கிங் கண்ணீர் சிந்தியதாகவும் இல்லை. ஒரு கணம் அதிர்ச்சியும் எரிச்சலும் அடைந்ததாகவே அவர் ஒப்புக்கொள்கிறார். பின்னர்த் தம் நாட்டில் சேரிகளில் அடைபட்டு வாழும் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஏற்றுக்கொண்டதாகக் கூறுகிறார். இடத்தை மாற்றியதும் கண்ணீரைச் சேர்த்ததும் மேடைகளின் கைவேலை. ஹதீஸ் கலையில் இதனை இத்ராஜ், அதாவது அறிவிப்பாளர் தம் சொல்லை மூலத்தோடு கலத்தல், என்பர்.

மூல அறிவிப்பையும் சோதிக்க வேண்டும். அறிவிப்பவர் ஒருவரே, நிகழ்ச்சிக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகள். இதே வடிவில் வேறொரு செய்தியும் உள்ளது. கிங் பயின்ற மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரும் அவருடைய வழிகாட்டியுமான பெஞ்சமின் மேஸ், மைசூரில் 1937-இல் நடந்த ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாட்டிற்காக இந்தியா வந்திருந்தார். அப்போது தீண்டத்தகாதோர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் தம்மையும் தீண்டத்தகாதவர் என்றே அறிமுகப்படுத்தியதாக அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அவரும் முதலில் திடுக்கிட்டு, பின்பு அதன் உண்மையை ஏற்றார். அந்நூல் வெளிவந்தது 1971-இல்.

ஆசிரியரின் அனுபவம் மாணவரின் நினைவில் கலந்துவிட்டதா என்று ஐயுறுவோர் ஐயுறலாம். இதே சொல் இருமுறை வெவ்வேறு பள்ளிகளில் பிறந்திருக்கவும் கூடும். ஒடுக்கப்பட்டோர் பள்ளியின் ஆசிரியர் ஒருவர், தம் பிள்ளைகளுக்கு ஒரு கறுப்பின அறிஞரைக் காட்டி 'இவரும் நம்மவர்' என்று சொல்ல விரும்பினால், அவர் வேறெந்தச் சொல்லைத் தேடுவார்? நம் துணிபு இது: தம்மை உயர்த்திக்கொள்ளாத, தம் எரிச்சலையும் மறைக்காத ஒருவர் தம்மைப் பற்றிக் கூறும் செய்தி எளிதில் தள்ளத்தக்கதன்று. அதே வேளையில் தனியொருவரின் அறிவிப்பு (கபர் வாஹித்) என்ற தரத்திற்கு மேல் அதை ஏற்றுவதும் தகாது.

அருளுரையின் காலமும் மத்னை விளங்கிக்கொள்ள உதவும். 1965 மார்ச்சில் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் சென்றவர்கள் தடியடிக்கு உள்ளாயினர். வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்டு 6 அன்று கையெழுத்தாகியது. இடையில் நிற்கிறது ஜூலை 4. சட்டங்கள் வந்துகொண்டிருந்தும் சேரிகள் அப்படியே இருப்பதைக் கிங் அப்போது கண்டுகொண்டிருந்தார். 1959-இல் சட்டத்தையும் தலைவர்களின் சொல்லையும் வைத்து இந்தியாவை அளந்தவர், 1965-இல் குடியிருப்பையும் பள்ளியையும் பசியையும் வைத்துத் தம் நாட்டை அளந்தார். அந்த அளவுகோலை அவருக்கு அளித்தவராக அவர் நினைவுகூர்ந்தது ஒரு பள்ளியின் தலைமையாசிரியரை. பயணத்தின் ஆழமான பாடத்தை எழுத்தில் கொணர அவருக்கு ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன என்று நாம் கருதுகிறோம். அருளுரையைப் படித்தபின் கட்டுரைக்குத் திரும்புவோருக்கு, அதன் புகழுரைகள் முன்போல் நிறைவளிப்பதில்லை.

பெயரறியாத அறிவிப்பாளர்

இரு செய்திகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கிங்கின் பெயர் உள்ளது. மேஸின் பெயர் உள்ளது. சொல்லைச் சொன்ன தலைமையாசிரியர்களுக்கு அவர்கள் தந்த வரலாற்றில் பெயரில்லை. ஹதீஸ் கலையில் இத்தகையவரை மஜ்ஹூல் (அறியப்படாதவர்) என்பர். அவரால் செய்தி பலவீனமடையும். மார்க்கச் சட்டம் வகுக்க அவ்விதி இன்றியமையாதது. ஆனால் ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றில் பெயரின்மை ஒடுக்குமுறையின் விளைவேயாகும். அங்கே மஜ்ஹூலைக் கண்டதும் செய்தியைத் தள்ளிவிடாமல், அவரைத் தேடிச் செல்வதே ஆய்வாளரின் கடமை.

அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர்கள் இதையே செய்தனர். உமர் இப்னு ஸயீத் என்ற ஆப்பிரிக்க ஆலிமின் வரலாறு, அரபி பயின்ற நமக்கு நெருக்கமானது. செனகல் ஆற்றங்கரையின் ஃபூத்தா தோரோவைச் சேர்ந்த அவர் 1807-இல் அடிமையாக அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டார். உரிமையாளரின் சுற்றத்தார் அவரை அரபு இளவரசர் என்றும், கிறித்தவத்தைத் தழுவித் தம் நிலையில் நிறைவுற்றவர் என்றும் எழுதினர். ஆனால் 1831-இல் அவரே அரபியில் ஒரு தன்வரலாறு எழுதி வைத்தார். ஆட்சி முழுவதும் எவன் கையில் உள்ளதோ அவனைப் போற்றும் அல்முல்க் அத்தியாயத்துடன் அது தொடங்குகிறது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு உடைமையாக முடியுமா என்ற கேள்வி அத்தேர்வில் உறைந்திருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அச்சுவடியைப் பெற்றது. உரிமையாளர்கள் கூறியதையும் உமர் தம் கையால் எழுதியதையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, விருந்தோம்புவோரின் சாட்சியத்திற்கும் வலிபட்டவரின் சாட்சியத்திற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

நம் வீட்டின் நல்ல அறை

இதுவரை காந்தியர்களைப் பற்றிப் பேசினோம். அதே அளவுகோலை நம்மீது வைக்காவிடில் இத்திறனாய்வு நேர்மையாகாது.

மால்கம் எக்ஸ் 1964 ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்று எழுதிய கடிதத்தை நம் மேடைகளில் கேளாத ஆண்டில்லை. வெண்ணிறத்தாருடன் ஒரே தட்டில் உண்டேன், ஒரே விரிப்பில் உறங்கினேன் என்னும் பொருள்பட அவர் எழுதியது உண்மை. அது அவர் வாழ்வையே மாற்றியது. ஆயினும் மால்கமும் அங்கே அரசின் விருந்தினராகவே இருந்தார். அவருக்கு விருந்தோம்பிய சவூதி அரபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1962-இல்தான். அவர் செல்வதற்கு ஈராண்டுகளே முன்பு. மால்கமின் சாட்சியம் இஸ்லாம் மனிதனை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்குச் சான்று. முஸ்லிம்கள் அங்கே சென்று சேர்ந்துவிட்டனர் என்பதற்கு அதைச் சான்றாக்குவது, 1959-இல் கிங் செய்த அதே பிழையாகும்.

அபூதர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் அத்தகையதே. ஒருவரை அவருடைய தாயைக் கூறி இழித்ததற்காக அபூதரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்து, அவரிடம் இன்னும் அறியாமைக் காலத்துப் பண்பு உள்ளது என்றார்கள். அந்த ஒருவர் பிலால் (ரலி) என்றே நம் பேச்சாளர்கள் கூறுவர். ஸஹீஹுல் புகாரியின் வாசகத்தில் அவர் பெயர் இல்லை. பெயரைச் சேர்ப்பதில் காட்டும் ஆர்வத்தை அச்செய்தியின் மறுபாதியில் நாம் காட்டுவதில்லை: பின்னாளில் அபூதர் தாம் உடுத்திய அதே ஆடையைத் தம் பணியாளுக்கும் உடுத்தியிருந்தார், அதைக் கண்டு வியந்து கேட்டவருக்கு விளக்கமாகத்தான் அவர் இந்நிகழ்ச்சியையே கூறினார்.

ஆடையைப் பற்றிப் பேசும்போது ஆடை நெய்வோரைப் பற்றியும் பேச வேண்டும். சின்னாளப்பட்டி நெசவாளர் ஊர். இவ்வூர்ச் சுங்குடியும் செயற்கைப் பட்டும் தமிழகமெங்கும் உடுத்தப்பட்டவை. அருகிலுள்ள திண்டுக்கல்லோ தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றது. நம் அரபிக் கல்லூரிகளில் பாடமாக உள்ள ஹனஃபி நூல் ஹிதாயாவில், திருமணத்தில் இணை (குஃபு) பார்ப்பது பற்றிய பகுதி உண்டு. தொழிலில் இணை பார்க்கத் தேவையில்லை, மிக இழிவெனக் கருதப்படும் தொழிலாயின் அன்றி, என்று இமாம் அபூயூசுஃபிடமிருந்து ஓர் அறிவிப்பு அங்கே உள்ளது. அவ்விழிவுக்கு எடுத்துக்காட்டாக வருவோர் மூவர்: இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர். தறிச் சத்தம் கேட்கும் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் முன் இவ்வரியை நாம் எத்தனையோ ஆண்டுகள் வாசித்து, பொருள் கூறி, கடந்து சென்றிருக்கிறோம். அப்பிள்ளைகளின் முகத்தை அப்போது நாம் பார்த்ததாக நினைவில்லை.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் செய்தி ஒன்றுண்டு: அரபியர் ஒருவருக்கொருவர் இணை, நெசவாளரும் இரத்தம் குத்துபவரும் நீங்கலாக என்பது அதன் கருத்து. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பெரும் திறனாய்வாளர் அபூஹாத்திம் அர்ராஸி இதனை அடிப்படையற்ற பொய் என்று தள்ளினார். ஸனது ஆய்வை வெறும் ஏட்டுப் புலமை என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும். பெயரறியா நெசவாளரின் மானத்தை அக்கலை காத்து நின்றது. இமாம் மாலிக் அவர்கள் இணை என்பது மார்க்கப் பற்றில் மட்டுமே என்றார். குறைஷிக் குலத்துப் பெண்மணி ஃபாத்திமா பின்த் கைஸை, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமாவுக்கு மணம் முடிக்க நபி (ஸல்) அவர்களே அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஹிதாயாவின் விரிவுரையாளர் இப்னுல் ஹுமாம் (மறைவு ஹிஜ்ரி 861) இதே பகுதிக்கு எழுதிய குறிப்பு இன்னும் நுட்பமானது. இவ்விதியின் காரணம் ஊர் வழக்கே. அலெக்சாந்திரியாவில் நெசவு குறைவாக எண்ணப்படுவதில்லை. ஆகவே அங்கே நெசவாளர் நறுமண வணிகருக்கு இணையாவார் என்றார் அவர்.

மூத்த இமாம்கள் தம் காலத்து வழக்கை எழுதினர். பெண்ணின் குடும்பத்திற்கு இழுக்கு நேராமல் காப்பதே அவர்கள் நோக்கம். அவர்களைக் குறைகூறுவது நம் கருத்தன்று. வழக்கை மார்க்கமென்று எண்ணி நாம் இன்னும் அதனுள் இருப்பதே நம் கவலை. சமத்துவம் பற்றி நம்மிடம் வரும் விருந்தாளிக்கு நாம் பள்ளிவாசலின் தொழுகை வரிசையைக் காட்டுகிறோம். அது நம் வீட்டின் நல்ல அறை. திருமணப் பேச்சு நடக்கும் அறைக்கு அவரை அழைத்துச் செல்வதில்லை.

கிங்கின் கட்டுரையைப் படிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும்; உடன் 1965-ஆம் ஆண்டு அருளுரையையும் படிக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையில் ஒரு நல்ல மனிதரின் பார்வை எவ்வாறு ஆழ்ந்தது என்று காண வேண்டும். காந்திகிராமத்தில் அவரைக் கண்ட முதியோர் சுற்றுவட்டாரத்தில் எவரேனும் இருப்பின், அவர்கள் நினைவைப் பெயரோடும் நாளோடும் எழுதி வைக்க வேண்டும். நாளைய பேச்சாளர் கண்ணீரைச் சேர்க்குமுன் அது செய்யப்படுதல் நலம்.

நம் அளவில் ஒன்று செய்தோம். இவ்வாண்டு ஹிதாயாவின் அப்பக்கம் வந்தபோது, இப்னுல் ஹுமாமின் குறிப்பையும் அபூஹாத்திமின் தீர்ப்பையும் சேர்த்தே வாசித்தோம். ஓரத்தில் அலெக்சாந்திரியா என்பதன் அருகே நம் ஊர்ப் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு மாணவர்களிடம் கூறினோம். வல்லாஹு அஃலம்.